முப்பத்து நாலு கிலோ கூடாரம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு தை மாதம், ஓக்லாந்தின் விரி என்ற பகுதியில் லொறிகளை நிறுக்கும் ஒரு எடை மேடையில் நடந்தது இது. பூமியின் தென்கோடியான இங்கே தை என்றால் கொளுத்தும் கோடை. பெரிய லொறிகளுக்கு நடுவே எங்கள் வண்டியோடு நான் மேடையை அடைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்ற லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏன் அங்கே நின்றேன் என்று சொல்வதென்றால் என் கணவரில் இருந்து தொடங்க வேண்டும். அவர் எலெக்ட்ரீஷியன். வேலைக்கென்று ஒரு யூட் வைத்திருந்தார். பின்னால் திறந்த தட்டுள்ள பிக்கப் வண்டியை இங்கே யூட் என்பார்கள். அதற்கு முதல் வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் ஓரளவு தேறியது, பொல்லு ஊன்றி நடப்பார். பேச்சும் மெதுவாக வந்துவிட்டது. வலது கை மட்டும் வரவேயில்லை.

சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு வளர்ந்த மனிதர் இடது கையால் சாப்பிடத் தொடங்கினார். கரண்டி கொடுத்துப் பார்த்தேன். "மருந்து குடிக்கிற மாதிரிக் கிடக்கு" என்று தள்ளிவிட்டார். வீட்டுக்குள் பிரச்சினை இல்லை. ஆனால் ஒரு கலியாண வீட்டில் அவர் இடது கையைச் சோற்றில் வைத்ததும் எதிரே இருந்தவர் பார்த்த பார்வை இருக்கிறதே! அருவருப்பும் பரிதாபமும் கலந்த பார்வை. அன்றோடு என் கணவர் சபைக்குப் போவதை விட்டார். கோயில் அன்னதானம், பிறந்தநாள், அந்தியேட்டிச் சடங்கு எதற்கும் வரமாட்டார். மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் வீட்டு யன்னலடியே அவருடைய உலகம் ஆயிற்று. யூட் வெளியே தூசி பிடித்துக் கிடந்தது.

எனக்குக் கோபம் வந்தது. யாரில் என்று கேட்டால் எல்லோரிலும்தான். இந்த மனிதரை வீட்டை விட்டு வெளியே கொண்டு போகாவிட்டால் நான் நானில்லை என்று முடிவெடுத்தேன். மோட்டலில் அறை எடுக்கலாமா என்று கேட்டேன். "நாலு சுவருக்குள்ள இருக்கிறதெண்டால் இஞ்சையே இருக்கலாமே" என்றார். அதுவும் நியாயம்தான். அப்போதுதான் யூட்டின் தட்டில் ஏற்றிப் பூட்டுகிற குட்டி வீடு பற்றி யோசித்தேன். ஓடும்போது கூரை படுத்திருக்கும், நிறுத்தியபின் கூரையை மேலே தூக்கினால் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், படுக்கலாம்.

பக்கத்து வீட்டுத் தம்பி மதுரைக்காரர், கம்ப்யூட்டர் வேலை. நல்ல பிள்ளை, ஆனால் அவரும் முதலில் தடுத்தார். "அக்கா, அண்ணனை இந்த நிலைமைல காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறேன்னு சொல்றீங்களே. ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கறதுதான் சேஃப்."

"ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில இருந்து ஒரு வருசமாப் பாத்திட்டம் தம்பி. யன்னலைத் தவிர வேறொண்டையும் அவர் பாக்கேல்லை" என்றேன். தம்பி கூடவே வந்தார்.

ஹென்டர்சன் பக்கம் இப்படியான வீடுகள் விற்கும் ஒரு யார்டுக்குப் போனோம். விற்பனைக்காரர் நான் கேட்கும் கேள்விக்கெல்லாம் தம்பியைப் பார்த்துப் பதில் சொன்னார். ஷவர், கழிவறை எல்லாம் உள்ள பெரிய ஒன்றைக் காட்டி, உங்கள் யூட்டுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும் என்றார். அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. நான் பதினாறு வருடமாக விரியில் ஒரு களஞ்சியத்தில் லொறிகளுக்குச் சாமான் ஏற்றி அனுப்பும் பிரிவில் வேலை செய்கிறேன். தட்டில் ஒரு பொருள் இருக்க இடம் உண்டா என்பது வேறு, அதை வண்டி சுமக்குமா என்பது வேறு. அங்கே போவதற்கு முன்னமே வெறும் யூட்டை எடை மேடையில் ஏற்றி நிறுத்துச் சீட்டு வாங்கி வைத்திருந்தேன்.

சீட்டை அவர் மேசையில் வைத்தேன். யூட்டின் கதவோரம் ஒட்டியிருக்கும் தகட்டில், எல்லாம் சேர்த்து மூவாயிரத்து ஐம்பது கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று இருக்கிறது. முன்னால் பூட்டிய இரும்புச் சட்டம், டீசல் எல்லாவற்றோடும் வெறும் வண்டியே இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு. மிச்சம் எண்ணூற்று அறுபது. அவர் காட்டிய வீடு அறுநூற்று எண்பது. நானும் கணவரும் ஏறினால் மிஞ்சுவது நாற்பத்தைந்து கிலோ. தண்ணீர்த் தாங்கியை நிரப்பினாலே தாண்டிவிடும். அதைவிட, அந்த வீடு நீளம். பாரம் பின்சில்லுக்கு, அதாவது பின்சக்கரத்துக்கு, பின்னால் விழும். அப்படி விழுந்தால் முன்சில்லு தரையை ஒழுங்காகப் பிடிக்காது, ஸ்டீயரிங் சொல்வழி கேட்காது.

அவர் சிரித்தார். எல்லோரும் இப்படித்தான் கொண்டு போகிறார்கள், யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை என்றார். "அப்ப எல்லாருக்கும் வில்லுங்கோ, எனக்கு வேண்டாம்" என்று ஆங்கிலத்தில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, மூலையில் கிடந்த கட்டையான, ஷவர் இல்லாத ஒன்றைக் கேட்டேன். தாளில் நானூற்று எழுபது கிலோ. பாரம் பின்சில்லுக்குச் சற்று முன்னால் விழும். அதுதான் எங்கள் வண்டிக்குச் சோடி. அப்போதுதான் அந்த மனிதர் முதல்முறையாக என்னைப் பார்த்துப் பேசினார்.

அத்தோடு ஒரு கூடாரமும் வாங்கினேன். அந்தக் குட்டி வீட்டின் பக்கத்தில் கொளுவி நாலு பக்கமும் மூடி விடுகிற கனத்த கன்வஸ் கூடாரம். வீட்டுக்குள் ஏறப் பின்னால் படி உண்டு. படுக்க ஒரு தரம் ஏறுவார், மூன்று நேரச் சாப்பாட்டுக்கும் ஏறி இறங்க அவரால் முடியாது. கூடாரம் இருந்தால் கீழேயே, யார் கண்ணிலும் படாமல் சாப்பிடலாம். அவருக்காகத்தான் வாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

புறப்படும் நாள் வந்தது. வடக்கே ஒரு கடற்கரை முகாமில் ஐந்து நாள். எதிர்த் திசை என்றாலும் முதலில் விரி எடை மேடைக்கு விட்டேன். மேடை காட்டிய எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூவாயிரத்து நூற்று முப்பது. எண்பது கிலோ கூட!

யார்ட்காரருக்குப் பாடம் எடுத்தவள் அல்லவா நான்? தாளில் இருந்த நானூற்று எழுபதில் பற்றரியும் குளிர்சாதனப் பெட்டியும் சேர்த்தியில்லை. அதை நான் கேட்கவில்லை. மிச்சம் எங்கள் ஆட்களின் வருத்தம், வீட்டையே கட்டிக்கொண்டு போகும் நோய். ஐந்து நாளுக்குப் பத்துக் கிலோ அரிசி. தோசைக்கு அரைக்க கிரைண்டர். கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தோசை அரைக்கப் போகிறேனாம்! என் மண்டையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஊரையெல்லாம் நிறுக்கத் தெரிந்த எனக்கு என் சமையல் குசினியை நிறுக்கத் தெரியவில்லை.

வழியனுப்பத் தன் காரில் பின்னால் வந்த தம்பி இறங்கி வந்தார். "எண்பது கிலோவை யாருக்கா பாக்கப் போறாங்க? போயிட்டு வாங்க."

"நான் பாக்கிறன்" என்றேன்.

வடக்கே மலை வளைவுகள். பக்கத்தில் ஒரு பக்கம் விழுந்த மனிதர். பிறேக் பிடிக்காமல் போனால் அவரால் தன்பாட்டில் இறங்கித் தப்பக்கூட முடியாது. மேடையை விட்டு ஓரமாக்கி, சாமான்களை இறக்கினேன். அரிசி இரண்டு கிலோ போதும். கிரைண்டர் தம்பியின் காருக்குப் போனது. தண்ணீரில் பாதியைத் திறந்துவிட்டேன். திரும்ப ஏறி நிறுத்தேன். இன்னும் முப்பது கிலோ கூட. இதற்குத்தான் அந்த லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார்.

இனி என்ன இருக்கிறது? அவருடைய உயரக் கதிரை, கைப்பிடி உள்ள கழிவறைக் கதிரை, மடிக்கிற மேசை. ஒன்றையும் விட முடியாது. மிச்சம் கூடாரம். கம்பியோடு முப்பத்து நாலு கிலோ. அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. அது இல்லாமல் போனால் சாப்பாட்டு நேரம் ஆட்கள் பார்ப்பார்கள், அவர் மறுபடி யன்னலடிக்கே போய்விடுவார். திரும்பி வீட்டுக்கே போவோமா என்று ஒரு கணம் நினைத்தேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

முன் ஆசனத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியை இறக்கினார்.

"கூடாரத்தை இறக்கும்" என்றார்.

"அது உங்களுக்காக வாங்கினது."

"நான் கேட்டனானே?" என்றார். ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக. "ஒளிச்சிருந்து சாப்பிடவோ இவ்வளவு தூரம் போறம்? இறக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான், அவர் கேட்கவே இல்லை. கலியாண வீட்டில் அந்தப் பார்வை அவரைச் சுட்டது, சரி. ஆனால் அன்று தலையைக் குனிந்துகொண்டு அவருடைய தட்டைச் சேலைத் தலைப்பால் மறைத்தது யார்? நான்தான். எதிரே இருந்தவரைவிட அந்தச் சேலைத் தலைப்புத்தான் அவரை வீட்டுக்குள் அடைத்திருக்க வேண்டும். இப்போது அதையே கன்வஸில் வாங்கி வண்டியில் ஏற்றியிருக்கிறேன். நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூடாரத்தை இறக்கினோம். மூவாயிரத்து நாற்பத்தாறு. மேடைக்காரர் பெருவிரலை உயர்த்திக் காட்டினார், நான் வண்டியை எடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் கடற்கரையில் மேசையைப் போட்டு, மீன் குழம்பும் சோறும் வைத்தேன். சுற்றிவர முகாம் நிறைய ஆட்கள். கணவர் உயரக் கதிரையில் இருந்து, இடது கையால் பிசைந்து சாப்பிட்டார். குழம்பு மணத்துக்கு முதலில் வந்து நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? எங்கட ஆட்கள்தான். பக்கத்துக் கூடாரத்துத் தமிழர் ஒருவர், முன்பின் தெரியாதவர், "யாழ்ப்பாணமோ?" என்று கேட்டபடி கையை நீட்டிக்கொண்டு வந்தார். நீட்டிய பிறகுதான் தட்டில் இருந்த கையைக் கண்டார். அவர் முகம் மாறியது.

என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். "கொஞ்சம் பொறும் தம்பி. வேலை செய்யிறது ஒரு கைதான், அது இப்ப மீனோட நிக்குது."

வந்தவர் ஒரு கணம் திகைத்து, பிறகு வாய்விட்டுச் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு நான் கேட்ட சிரிப்பு. நான் இன்னொரு தட்டை எடுத்து வைத்தேன். வந்தவர் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

இப்போது நாங்கள் கலியாண வீடுகளுக்கும் போகிறோம், என் கணவர் பந்தியின் நடுவிலேயே இருந்து சாப்பிடுகிறார். யாராவது அவருடைய தட்டை உற்றுப் பார்த்தால் நான் தலை குனிவதில்லை, அவர்கள் பார்வையைத் திருப்பும்வரை நானும் அவர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.