தண்டவாளத் துண்டுக்கு வைத்த பொங்கல்

சென்ற ஆண்டு தைப்பூசம் முடிந்து சில வாரங்கள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில், மலேசியாவில், கிள்ளானுக்கு வடக்கே காப்பாரை அடுத்துள்ள, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் இது நடந்தது.

நான் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவள். இடைநிலைப்பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள். கிள்ளான் பக்கமிருந்து கோலசிலாங்கூருக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்று சொன்னால் இன்று பலர் நம்புவதில்லை. ஆனால் ஓடியது. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டங்களை நம்பிப் போட்ட கிளைப்பாதை அது. ரப்பர் விலை சரிந்து, சாலைப் போக்குவரத்தும் பெருகியபின் மூடிவிட்டார்கள். ஒரு தலைமுறைகூட நிலைக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் தாத்தா அந்தப் பாதையில் குமாஸ்தாவாக இருந்தார். பாதை மூடப்பட்டபோது அவருக்கு மாற்றல் கிடைத்தது. தண்டவாளம் போட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கு வேலை போனது. எங்கள் வீட்டில் முதல் பாதியை மட்டும்தான் சொல்வார்கள்.

மறுபாதியைத் தேடித்தான் நான் காப்பாருக்குப் போகத் தொடங்கினேன். அங்கே ஒரு தகரக் கூரையின் கீழ், மார்பளவு உயரத்துக்கு, ஒரு தண்டவாளத் துண்டு நட்டுவைக்கப்பட்டிருக்கிறது. மஞ்சள் குங்குமம் பூசி, எலுமிச்சம்பழ மாலை சாத்தி, முனியாண்டி என்று கும்பிடுகிறார்கள். அந்தச் சிறு கோயிலைப் பார்த்துக்கொள்பவர் பள்ளி வேன் ஓட்டும் ஒரு பெண்மணி. முதல் சந்திப்பிலேயே அதன் கதையைச் சொன்னார்.

"போட்டவங்க கையாலயே எல்லாத்தையும் புடுங்கச் சொல்லிட்டாங்க டீச்சர். புடுங்கிக் குடுத்தாங்க. இந்த ஒரு துண்ட மட்டும் குடுக்க மாட்டோம்னு இங்க நட்டுட்டாங்க. சாமியாக்கிட்டா எவன் கை வைப்பான்?"

கை வைக்க ஆள் வந்துவிட்டது என்று அந்த வெள்ளிக்கிழமை அவர்தான் எனக்குப் போன் செய்தார். வெள்ளத்தைத் தடுக்கப் புதிய வாய்க்கால் வெட்டுகிறார்களாம். கோயில் குறுக்கே நிற்கிறதாம். நான் போய்ச் சேர்ந்தபோது மண்வாரி இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றது. அதற்கும் கோயிலுக்கும் நடுவே பெண்கள் கல் கூட்டி அடுப்பு மூட்டி, பெரிய பானையில் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாமிக்கு முன் பொங்கல் அடுப்பை மூட்டிவிட்டால், பால் பொங்கிப் படையல் முடியும்வரை அந்த அடுப்பை யாரும் அசைக்கக் கூடாது. வாய்க்கால் வெட்டும் குத்தகைக்காரரின் மேற்பார்வையாளருக்கும் அது தெரிந்திருந்தது. அவரும் நம்மவர்தான், முப்பது வயதிருக்கும்.

"அக்கா, எனக்கு ஆர்டர்லா. இன்னைக்கே கெளப்பணும்."

"கெளப்பு தம்பி. பொங்கல எறக்கிட்டுக் கெளப்பு. பால் பொங்கறதுக்கு முன்ன அடுப்ப நகத்தலாமான்னு ஒங்கம்மாவுக்குப் போன் போட்டுக் கேளு" என்றார் வேன் ஓட்டும் பெண்மணி.

மேற்பார்வையாளர் ஒதுக்குப்புறமாகப் போய் உண்மையாகவே போன் செய்தார். திரும்பி வந்தபோது முகம் தொங்கியிருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"மொதல்ல செருப்பக் கழட்டச் சொன்னாங்க."

பெண்கள் சிரித்தார்கள். ஆனால் அடுப்பில் ஈர மட்டையைத்தான் வைத்திருந்தார்கள் என்பதை அருகில் போனபிறகுதான் கவனித்தேன். புகை வந்ததே தவிரத் தீ எளிதில் பிடிக்கவில்லை. ஒரு பானை பொங்கி இறங்குவதற்குள் அடுத்த வீட்டுக்காரர் தம் பானையோடு அடுத்த அடுப்பை மூட்டினார். அதற்குப் பின் இன்னொருவர். மேற்பார்வையாளர் பொறுமையிழந்து, "இது எத்தனாவது பானைக்கா?" என்று கேட்டார்.

"சாமியே எண்ணல. நீ ஏன்பா எண்ற?"

இயந்திரத்தை ஓட்டிய மலாய்க்காரர் எஞ்சினை நிறுத்தினார். நானும் தொழுகைக்குப் போகவேண்டும், உங்கள் சாமி சாப்பிட்டு முடிக்கட்டும் என்று மலாயில் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்.

பிற்பகலில் வாய்க்கால் வேலைக்குப் பொறுப்பான அரசு அதிகாரி வந்தார். மரியாதையானவர். கையில் வரைபடம் இருந்தது. இந்தப் பக்கம் ரயில் ஓடியதே இல்லை, நான் கிள்ளானிலேயே பிறந்தவன், இந்த இரும்பு எங்கிருந்தோ வந்திருக்கும் என்று மலாயில் சொன்னார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தத் துண்டு மாலைக்குள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். பெண்கள் என்னைப் பார்த்தார்கள்.

முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவள் நான். அவ்வளவு காலத்திலும் அப்படி ஒரு பாடம் நடத்தியதில்லை. ஐயா, நீங்கள் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள் என்று மலாயில் தொடங்கினேன். தோட்டத்துக்குள் நீளும் அந்த மேட்டைக் காட்டினேன். இருபுறமும் நிலம் சதுப்பாகத் தாழ்ந்து கிடக்க, இது மட்டும் உயர்ந்து, கோடு போட்டாற்போல் போகிறதே, யார் கொட்டிய மண் என்று கேட்டேன். பிறகு அவர் கையிலிருந்த வரைபடத்தைக் காட்டி, உங்கள் வாய்க்கால் இவ்வளவு நேராக வந்திருப்பது எதனால் என்றேன். "ரயில் ஓடவில்லை என்கிறீர்கள். ரயில் போன கரையை ஒட்டியேதான் நீங்களும் கோடு கிழித்திருக்கிறீர்கள்."

அவர் மேட்டின்மேல் ஏறிச் சற்றுத் தூரம் நடந்து, நின்று, இருபுறமும் பார்த்தார். அதற்குள் வேன் ஓட்டும் பெண்மணி அடுத்த பானையை அடுப்பில் ஏற்றிவிட்டார். "நாளைக்கும் வரட்டும் டீச்சர். அரிசி இருக்கு" என்றார், அதிகாரியின் காதில் விழும்படியாகவே. அவருக்குத் தமிழ் புரிந்திருக்காது, பானை புரிந்திருக்கும்.

முடிவைச் சொன்னவர் வேறு யாருமல்ல, வெறுங்காலோடு நின்ற அந்த மேற்பார்வையாளர். "பாஸ், இந்த எடத்துல மட்டும் வளைச்சு வெட்டிடலாம். பெரிய வேலையில்ல" என்று தமிழில் தொடங்கிவிட்டு, பிறகு மலாயில் திருப்பிச் சொன்னார். அதிகாரி நெடுநேரம் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துக் கோயிலைச் சுற்றி ஒரு வளைவு போட்டார்.

வாழையிலையில் வைத்த பொங்கலை அவருக்கும் கொடுத்தார்கள். புகை வாசம் அடிக்கிறது என்றார், ஆனாலும் சாப்பிட்டார்.

என் தாத்தாவின் பெயரை ஏதாவது ஒரு பழைய காகிதத்தில் நான் கண்டுபிடித்துவிடலாம். அந்தப் பாதையைப் போட்டவர்களின் பெயர் ஒன்றுகூட இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை. இன்று அந்த வாய்க்கால் நேராக வந்து, கோயிலருகே ஒதுங்கி, மறுபடி நேராகப் போகிறது. ரயில் ஓடியதா என்று கேட்பவர்களை நான் அங்கே அழைத்துப் போகிறேன். அந்த வளைவின் முன் நிற்கும்போதெல்லாம், நமக்கென்று மற்றவர்கள் ஒதுக்கித் தந்த இடங்களைவிட, தரமாட்டோம் என்று நாம் பிடித்துக்கொண்ட இடங்கள்தாம் நம் வரலாற்றை அதிகம் காத்திருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.