பெயர் ஒட்டிய வயர்

முத்தையாபுரத்தில் எங்கள் ஏற்றுமதி அலுவலகத்துக்கு இன்டர்நெட் கொடுத்த கம்பெனியின் இன்ஜினியர் அவர். ஒல்லியான உடம்பு, காதோரம் நரை. எந்த வயரைத் தொட்டாலும், அது யாருடையது என்று பெயர் எழுதி ஒட்டாமல் எழுந்திருக்க மாட்டார். அந்த ஒழுங்குக்காகவே அவரை நம்பினேன்.

ஒருநாள் எங்கள் இணைப்பு முடங்கிவிட்டது. சுங்கத்துக்குப் பேப்பர் அனுப்ப முடியாமல் எங்கள் கன்டெய்னரை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. எவனோ எங்கள் இணைய முகவரியைத் தன்னுடையதாகக் காட்டி உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் கேள்வி அனுப்பியிருக்கிறான். பதில்கள் மொத்தமும் எங்கள் தலையில் கொட்டியிருக்கின்றன. அவனும் தங்கள் கம்பெனியின் வாடிக்கையாளன்தான் என்று, சரிசெய்ய வந்த இன்ஜினியரே சொன்னார்.

“பொய் முகவரின்னு உங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி?”

“தெரியும். அது வெளிய போகாம எங்க வாசல்லயே தடுக்கலாம். தடுத்தா நன்மை அடுத்த கம்பெனிக்காரனுக்கு. தப்பித்தவறி நல்ல லைன் ஒண்ணு அடைபட்டா ஏச்சு எங்களுக்கு. அதான் தடுக்கதில்ல.”

“இப்ப அடிபட்ட நாங்களும் உங்க ஆளுல்லா?”

அவர் குனிந்து, மாற்றிய வயரில் எங்கள் பெயரை எழுதி ஒட்டினார்.

அவர் போனதும் கோபத்தில் அந்தப் பெயர்ச்சீட்டைக் கிழிக்கப் போனேன். எழுத்து அத்தனை நேர்த்தியாக இருந்தது; விட்டுவிட்டேன்.