வஞ்சிரத்தின் செவுள் நிறம்

நூலின் கடைசிப் பக்கத்தில் ‘பிழைதிருத்தம்’ என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்துபோகும் பிழையன்று இது. மீன் விற்கும் பெண் ஒருவரின் நற்பெயர் என்னால் கெட்டது. அந்நூலை வாங்கியோர் காரணத்தை அறிந்தாக வேண்டும், ஆதலால் எழுதுகிறேன்.

புதுவைக் கடல் மீன்களின் தமிழ்ப் பெயர்களைத் தொகுத்து, வண்ணப் படங்களுடன் சிறு நூலாக்க முற்பட்டேன். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் விற்கும் அம்மையார் ஒருவர் உதவினார். புதுமீனை அறியும் முறையைக் காட்ட, அன்று விடியலில் வந்திறங்கிய வஞ்சிரத்தின் செவுளை விரித்துப் பிடித்து நின்றார். அவர் முகமும் தெரியுமாறு படம் எடுத்தேன். அச்சகத்தின் கணினித் திரையில் அச்செவுள் குருதிச் சிவப்பாக ஒளிர்ந்தது.

அச்சுக்கு முன் வந்த மெய்ப்பை நான்கு முறை திருத்தினேன். ஆனால் கருப்பு வெள்ளைத் தாளில் வந்த மெய்ப்பு அது. ஒற்று மிகும் இடம், மிகா இடம் ஆகியவற்றிலேயே என் கண் நின்றுவிட்டது.

பாதிப் படிகளை அஞ்சலில் அனுப்பிய பின்னரே அம்மையாரிடம் ஒன்றைக் கொண்டு சென்றேன். பக்கத்தைப் பிரித்தவர் முகம் மாறியது.

“இன்னா ஐயா இது? செவுளு காப்பித்தூள் மாதிரி இருக்குது!”

அருகில் மீன் விற்ற பெண் எட்டிப் பார்த்தார். “ஏண்டி, மூணு நாள் மீனையா ஐயாவுக்குக் காட்டின? அதான் போட்டோல மூக்கைச் சுளிச்சிகினு நிக்கிற!”

சுற்றியிருந்தோர் சிரித்தனர். அம்மையார் சிரிக்கவில்லை. “லாஸ்பேட்டைலேர்ந்து வர்றவங்க என் மூஞ்சிய நம்பித்தான் வாங்குறாங்க. இதப் பாத்துட்டு எவ வாங்குவா?”

அச்சக உரிமையாளரிடம் முறையிட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: “திரையில தெரியறது வெளிச்சம், ஐயா. தாள்ல இருக்கறது மை. நீங்க கேட்ட சொரசொரப்புத் தாள் மையக் குடிச்சிடும், சிவப்பு மங்கிடும். கலர் ப்ரூஃப் போட்டுப் பாத்துடலாமான்னு கேட்டேன். எழுத்து சரியா இருந்தா போதும்னு நீங்கதான் சொன்னீங்க.”

சொல்லியிருந்தேன்.

அந்த ஒரு பக்கத்தை வழவழப்புத் தாளில் மீண்டும் அச்சிட முடிவாயிற்று. அம்மையார் பனிக்கட்டிப் பெட்டியில் புது வஞ்சிரத்துடன் அச்சகத்துக்கே வந்தார். செவுளைத் தூக்கி, அச்சாகி வந்த தாளின் அருகே பிடித்தார். முதல் தாளில் மஞ்சள் மிகுந்திருந்தது. அடுத்தது செங்கல் நிறம்.

“சீக்கிரம் ஐயா. மீனு உங்களுக்காவ காத்துகினு இருக்காது.”

ஏழாம் தாளில் இரண்டும் ஒத்தன. நான் பெருமூச்சு விட்டேன். அம்மையார் இல்லையென்று தலையை ஆட்டினார். “இப்ப ஒத்துப்போவுது. காலைல இது இப்படியா இருந்திச்சி?”

நாங்கள் மையைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில் அவர் கையிலிருந்த செவுளும் மங்கிவிட்டிருந்தது. பிறகு அவர் நினைவைக் கேட்டுக் கேட்டே சிவப்பைக் கூட்டினோம். இதற்குமேல் தாள் ஏற்காது என்று உரிமையாளர் கைவிரித்த இடத்தில் நின்றோம். காலை நிறத்துக்கு அது ஒரு படி குறைவுதான்.

மீதிப் படிகளில் அப்பக்கத்தை ஒட்டிவிட்டேன். போனவை போனவையே. சென்ற வாரம் ஒருவர் பழைய படியும் கையுமாக வந்து, அம்மையாரின் மீனை மும்முறை செவுள் தூக்கிப் பார்த்துவிட்டு, வாங்காமல் போனாராம்.

பழைய படி வைத்திருப்போரே, அப்படத்தின் அடியில், ‘இம்மீன் அன்று விடியலில் வந்தது’ என்று உங்கள் கையால் எழுதிவிடுங்கள். மீனைப் பற்றியோ மையைப் பற்றியோ இங்கு நான் பிழையாகச் சொல்லியிருப்பின் தெரிவியுங்கள், திருத்திக்கொள்வேன். எழுத்துப் பிழைகளை அதன்பின் பார்த்துக்கொள்ளலாம்.