நைட் ஷிப்ட் போகிற பையன்

எனக்குக் கோபம் அதிகம். ஆனால் கோபப்படக் கொடுத்து வைக்கவில்லை. கோபம் தலைக்கேறினால் முழங்கால் இரண்டும் தளர்ந்து, நின்ற இடத்திலேயே சரிந்துவிடுவேன். வாய்விட்டுச் சிரித்தாலும், மனம் நெகிழ்ந்தாலும் அப்படித்தான். நினைவு தப்பாது. சுற்றியிருப்பவர்கள் பேசுவதெல்லாம் காதில் விழும். விரலை அசைக்கத்தான் முடியாது. ஓரிரு நிமிடத்தில் சரியாகிவிடும். இது போதாதென்று, பகலில் எந்த நேரத்தில் எங்கே தூங்கிப்போவேன் என்பது எனக்கே தெரியாது. சென்ட்ரலில் ஏறி ஆவடியில் இறங்க வேண்டியவன் எத்தனையோ முறை வேப்பம்பட்டில் கண் விழித்திருக்கிறேன். தூக்கத்தையும் விழிப்பையும் பிரித்துவைக்கிற ஏதோ ஒன்று என் மூளையில் கெட்டுப்போயிருக்கிறது என்று, தலை முழுக்க ஒயர் ஒட்டிப் பரிசோதித்த டாக்டர் சொன்னார். வெளியே சொன்னால், "தூக்கம் வர்றதெல்லாம் ஒரு வியாதியா? குடுத்து வச்சவன்யா நீ" என்பார்கள் என்று தெரியும். நினைத்தாலே கோபம் வரும். சுவரைப் பிடித்துக்கொள்வேன்.

அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நான் வளர்ந்தது குவார்ட்டர்ஸில். ஓய்வு பெறும் சமயத்தில் அப்பாவும் அவருடைய செக்‌ஷன்காரர்கள் சிலரும் வெள்ளானூரில் பக்கத்துப் பக்கத்து மனையாக வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். ஓடுகிற மெஷின் முன்னால் தூங்குகிறவனை யார் வைத்துக்கொள்வார்கள்? அடுத்த கம்பெனியிலும் அதே கதை. கடைசியாகக் கிடைத்தது செக்யூரிட்டி வேலை. தூங்குகிற செக்யூரிட்டி! சிரிப்பு வருகிறதல்லவா? எனக்கும் வரும். வந்தால் விழுவேன். அந்த வேலையும் நிலைக்கவில்லை.

அப்பா இறந்தபின் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்தது. அதில்தான் இருவரும் சாப்பிட்டோம். போன வருடம் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள், ஓய்வூதியமும் நின்றது. சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்று நிரூபித்தால் அதை அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுக்கத் தருவார்கள் என்று ஒரு விதி இருக்கிறது. கிடைத்தால் என் வீட்டில், என் அடுப்பில் எனக்குக் கஞ்சி. கிடைக்காவிட்டால் வீட்டை விற்றுத் தின்றுவிட்டு, ஏதாவது ஒரு இல்லத்தில் தட்டேந்தி வரிசையில் நிற்க வேண்டியதுதான். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது.

மருத்துவக் குழு சான்றிதழ் கொடுத்துவிட்டது. அப்பாடா என்று இருந்தேன். அப்புறம் ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து நிராகரிப்பு வந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில், மனுதாரர் இரவுப் பணிக்குச் சென்று சம்பாதித்துவருவது தெரியவந்ததாம். அந்த வரியைப் படித்ததும் தரையில் உட்கார்ந்துகொண்டேன். விழுவதற்கு முன்பே உட்கார்ந்துவிடுவது என் பழக்கம்.

அந்த இரவுப் பணியை எனக்கு வாங்கிக் கொடுத்தவள் அம்மாதான்.

எங்களுடையது ஷிப்ட்டை வைத்தே ஆளை எடைபோடுகிற கூட்டம். பட்டப்பகலில் ஒரு ஆண்பிள்ளை படுத்துக் கிடந்தால், ஒன்று அவன் நைட் ஷிப்ட், இல்லாவிட்டால் தண்டச்சோறு. அம்மா முதலாவதை எடுத்துக்கொண்டாள். "புள்ள இப்பதான் நைட் முடிச்சிட்டு வந்து படுத்தான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். நீல நிறத்தில் சட்டையும் பேண்ட்டும் வாங்கி, யாரும் போடாத அந்த உடுப்பைத் துவைத்துத் துவைத்து மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்டாள். எனக்கு அவமானமாக இருக்கும். "யாராச்சும் உன்னச் சோம்பேறின்னு சொன்னா என்னால தாங்க முடியாதுடா" என்பாள். அதற்குமேல் நான் என்ன பேசுவது?

நைட் ஷிப்ட்காரனின் தூக்கத்தைக் கெடுப்பது எங்கள் ஆட்களுக்குப் பெரிய பாவம். குழந்தைகளை என் ஜன்னல் பக்கம் விளையாட விடமாட்டார்கள். கொரியர் கொண்டுவருகிறவரைக்கூடத் தெருவிலேயே மடக்கி, தாங்களே வாங்கி வைத்துவிடுவார்கள். பகலில் என்னைத் தேடி ஒரு ஈ காக்கை வராது. சரி, இரவிலாவது வெளியே போய் நாலு பேரோடு நிற்கலாமென்றால், நான்தான் வேலைக்குப் போயிருக்கிறேனே! விளக்கை அணைத்துவிட்டு உள்ளறையில் உட்கார்ந்திருப்பேன். வார ஓய்வு என்ற பெயரில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாசலில் தலைகாட்டலாம். பேச ஆளில்லாமல் சில நாள் செத்துப்போய்விடலாம் போல இருக்கும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அம்மா இருந்தவரை அவள் சாப்பாடு எடுத்துவைக்கும் சத்தமாவது கேட்கும். அவள் போனபிறகு அதுவும் இல்லை.

மேல்முறையீடு செய்தேன். நீங்கள் வேலைக்குப் போவதில்லை என்று சொல்ல அக்கம்பக்கத்தார் ஒருவரை விசாரணைக்கு அழைத்து வாருங்கள் என்றார்கள். முதலில் தெருமுனை மளிகைக்கடை அக்காவிடம் போனேன்.

"இன்னா நைனா சொல்ற? நீ நைட்டு வேலைக்கே போனதில்லியா?" என்று அக்கா எடைக்கல்லைக் கீழே வைத்தது. "உங்கம்மா எம்புள்ள நைட்டு, எம்புள்ள நைட்டுன்னு எவ்ளோ பெருமையா சொல்லிகினு இருந்துச்சு! செத்துப்போன மனுஷிய பொய்க்காரின்னு நான் போய்ச் சொல்லணுமா? அந்தப் பாவம் எனக்கு வாணாம்பா. அந்த ஆபீஸ்காரு வந்து கேட்டப்போ உங்க பக்கத்தூட்டுப் பெரியவருதான் பதில் சொன்னாரு. அவராண்ட போய்க் கேளு."

பக்கத்து வீட்டு மாமா அப்பாவோடு ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் என்னைப் பார்த்தால், "என்னப்பா, இன்னைக்கு ஓய்வா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

"என் சோத்துல மண்ணப் போட்டுட்டீங்களே மாமா" என்றேன் எடுத்த எடுப்பில். கதவுநிலையை முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

நிராகரிப்பைக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்தார். மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"என்னைக்கு விசாரணைன்னு சொல்லு, வரேன்."

"அம்மா சொன்னது பொய்னு சொல்ல வேண்டியிருக்கும் மாமா."

"அத நான் பாத்துக்கறேன்" என்றார்.

விசாரணைக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். அதிகாரி அவரைப் பார்த்ததும், "இவர் நைட் ஷிப்ட் போறார்னு சொன்னதே நீங்கதானே? இப்ப என்ன மாத்திப் பேச வந்திருக்கீங்க?" என்று அதட்டினார்.

"ஆமா சார், நான்தான் சொன்னேன். பகல்ல தூங்குறானேன்னு நானா கட்டிவிட்ட கதை. இவன் வேலைக்குப் போறதில்ல, போகவும் முடியாது. இவங்கம்மா ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்ல. அந்தம்மா பொய் பேசுற மனுஷியே கிடையாது. தப்பு என்னுது. எழுதியே தரேன்."

வயதான மனிதர், தன் பிள்ளை வயதுள்ள அதிகாரி முன்னால் கைகட்டி நின்று, என் அம்மாவின் பொய்யைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். பிடித்துக்கொள்ளக் கை நீட்டினேன். சுவர் எட்டவில்லை. விழுந்துவிட்டேன்.

ஒரே களேபரம். யாரோ தண்ணீர் என்று கத்தினார்கள். வலிப்பு என்று நினைத்து ஒருவர் சாவிக்கொத்தை என் கைக்குள் திணித்தார். மாமாவின் குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

"ஒண்ணும் பண்ணாதீங்க சார். தலைய மட்டும் நேரா வச்சா போதும். ரெண்டு நிமிஷத்துல அவனே எழுந்துடுவான். நாம பேசுறதெல்லாம் கேட்டுக்கிட்டுதான் கிடப்பான்."

ஆமாம், கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன். அம்மாவையும் டாக்டர்களையும் தவிர ஒருவருக்கும் தெரியாத விஷயம் அது. இந்த மனுஷருக்கு எப்படித் தெரியும்? கேட்கலாமென்றால் நாக்கு புரளவில்லை.

உத்தரவு சில வாரங்களுக்குப்பின் எனக்குச் சாதகமாகவே வந்தது. ஓய்வூதியம் கிடைத்துவிட்டது. வீடும் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் என் மனதில் நிற்பது அன்றைக்குத் திரும்பி வந்த ரயில்தான். மாமா என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, தான் பக்கத்தில் உட்கார்ந்தார். தூங்கிவிடக் கூடாது என்று தொடையைக் கிள்ளிக்கொண்டே கேட்டேன்.

"உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?"

"உங்கம்மா எப்பவோ சொல்லிட்டாங்கடா. உங்க அத்தைகிட்டயும் என்கிட்டயும் மட்டும். தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க, கூனிக் குறுகிப் போயிடுவான்னு சத்தியம் வாங்கிட்டாங்க. யார் கேட்டாலும் நைட் ஷிப்ட்டுன்னு சொல்லியே பழகிப்போச்சு. அந்த ஆபீஸ்காரன் வந்தப்பவும் வாய் தன்னால சொல்லிடுச்சு."

"தெரிஞ்சும் ஒரு நாள்கூட வந்து பக்கத்துல உக்காரலையே மாமா?"

ரயில் அம்பத்தூரைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"உக்காந்தா என் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. நல்லவேளை, உட்கார்ந்திருந்தேன். அம்மா அவர்கள் வீட்டுக்குப் போய் என்னைப் பற்றி என்னவெல்லாம் புலம்பியிருப்பாள் என்று தோன்றியது.

"உங்ககிட்ட வந்து அழுவாங்களா?"

"அழறதா? சிரிக்கத்தான்டா வருவாங்க" என்றார் மாமா. "ஊட்டுல நான் சிரிச்சா அவனும் சிரிப்பான், சிரிச்சா விழுந்துடுவான், இங்க கொஞ்ச நேரம் சிரிச்சுட்டுப் போறேன்கான்னு வந்து உக்காருவாங்க. டிவியப் பார்த்து, தெருவுல போறவனப் பார்த்து, உங்க அத்தையும் அவங்களும் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிப்பாங்க."

என் அம்மாவுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்குப் புதிய செய்தி. எங்கள் வீட்டில் அவள் எப்போதும் கடுகடுவென்றுதான் இருப்பாள். என்னைப் பெற்ற சலிப்பு என்று நினைத்திருந்தேன்.

"சத்தமாவா சிரிப்பாங்க?"

"தெருவுக்கே கேக்கும்."

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். எனக்கு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நான் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.