டிராயிங் டீச்சரின் பகை

அந்த லுத்தரன் உயர்நிலைப் பள்ளியின் ஓவியக்கூடத்தைப் பார்க்க வெளியூர்களிலிருந்து ஆசிரியர்கள் வருவதுண்டு. மூன்று அறைகளின் இடைச்சுவர்களை இடித்து ஒன்றாக்கிய கூடம். ஒரு மூலையில் களிமண் தொட்டி, நடுவில் அச்சு போடும் மேசை, வெளியே கொல்லைப்புறத்தில் சின்னதாக ஒரு சூளை. சுவர் தெரியாத அளவுக்குப் பிள்ளைகளின் கைவேலை.

“எப்படி டீச்சர் இவ்வளவும் செஞ்சீங்க?” என்று வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

டிராயிங் டீச்சர் கையிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டே, “கர்த்தரோட கிருபை, பிள்ளைங்களோட ஆர்வம்” என்பாள். இரண்டும் பொய்யில்லை. மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அது அவள் புருஷனுக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்து அறையில் இருந்த பாட்டு வாத்தியாரை வேரோடு சாய்க்க வேண்டும் என்பதற்காகவே அவள் அந்தக் கூடத்தைக் கட்டினாள்.

பகை வந்த கதை இது.

அவள் அதே பள்ளியில்தான் படித்தாள். தினமும் காலையில் சிற்றாலயத்தில் ஞானப்பாட்டு பாடிவிட்டுத்தான் வகுப்புக்குப் போவார்கள். “நம்ம சபையில பாட்டு வித்துவானுக்கு மட்டும் சொந்தமில்ல. வாய் இருக்கிற எல்லாருக்கும் சொந்தம்” என்று பள்ளிப் போதகர் அடிக்கடி சொல்வார். அவள் அதை அப்படியே நம்பினாள். தொண்டை நரம்பு புடைக்கப் பாடினாள். எட்டாம் வகுப்பில் பாடகர் குழுவுக்குப் பெயர் கொடுத்தாள். கேட்ட எல்லோரையும் சேர்த்துக்கொண்ட வருஷம் என்பதால் இடமும் கிடைத்தது.

பாட்டு வாத்தியார் அப்போது வேலைக்குப் புதுசு. சுறுசுறுப்பான ஆள், கண்டிப்பும் உண்டு. பிள்ளைகள் அவரைக் கண்டால் உருகுவார்கள். ஆண்டு விழாவுக்கு முந்தின ஒத்திகையில் அவர் வரிசைக்குள் நுழைந்து, ஒவ்வொரு வாய்க்கும் அருகே காதைக் கொண்டுபோய்க் கேட்டபடி நடந்தார். அவளிடம் வந்ததும் நின்றார். இன்னொரு தரம் பாடச் சொன்னார். பிறகு குனிந்து, கோபமே இல்லாமல், ஒரு ரகசியத்தைப் பங்கு போடுகிறவர் மாதிரிச் சொன்னார்.

“நீ வாயை மட்டும் அசைம்மா. சத்தம் வெளிய வர வேணாம். சரியா? சமர்த்துப் பொண்ணு.”

அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். சமர்த்துப் பொண்ணு என்றாரே, அதுதான் ஆறவில்லை.

விழாவன்று தேய்த்து மடித்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டாவது வரிசையில் நின்று, எல்லாப் பாட்டுக்கும் வாயை அசைத்தாள். அவளுடைய அம்மா துணிக்கடையில் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து முன்னால் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு நடந்து போகும்போது அம்மா அவள் தோளை அணைத்துக்கொண்டாள்.

“அத்தனை பேர் பாடினாலும் உன் குரல் எனக்குத் தனியாக் கேட்டுச்சுடி. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.”

அம்மாவிடம் அவள் உண்மையைச் சொல்லவே இல்லை, அன்றைக்கும் சரி, அம்மா கண்ணை மூடும் வரைக்கும் சரி.

ஒன்பதாம் வகுப்பில் பாட்டு அல்லது ஓவியம், இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். இரண்டும் ஒரே பாடவேளை. அவள் ஓவியத்தை எடுத்தாள். அங்கே இருந்த கிழட்டு மாஸ்டர் ஒரு பூச்சாடியை மேசைமேல் வைத்துவிட்டு மதியம்வரை தூங்குகிற ரகம். அவள் தானாகவே கற்றுக்கொண்டாள். கல்லூரிக்குப் போனாள், கண்ணாடிக்கடைக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள், சூளை வேலையும் அச்சு வேலையும் படித்தாள். தூங்குகிற மாஸ்டர் ஓய்வுபெற்றதும் அந்த இடத்துக்கு விண்ணப்பம் போட்டு, டிராயிங் டீச்சராக அதே வாசல்படி ஏறினாள்.

முதல் நாளே பாட்டு வாத்தியார் எதிரே வந்தார். காதோரம் நரைத்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

“நீங்க நம்ம பழைய ஸ்டூடண்ட்டாமே டீச்சர்! நம்ம குழுவுலகூட இருந்தீங்கன்னு சொன்னாங்க. எந்தக் குரல் பாடுனீங்க? மேலயா, கீழயா?”

அவளுக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. அடித்தவன் மறப்பான், பட்டவன் மறப்பானா?

“ஞாபகம் இல்ல சார்” என்றாள்.

அன்றிரவு சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு புருஷனிடம் சொன்னாள்: “அந்த ஆளோட குழுவுல ஒரு பையன்கூட மிஞ்சக் கூடாது. பாக்கறேன்.”

அவர் சிரித்தார். “ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க?”

அவள் சிரிக்கவில்லை.

பாடகர் குழுவுக்கு உயிர்நாடி ஆண்குரல்கள். பெண்பிள்ளைகள் எப்போதும் கிடைப்பார்கள். குரல் உடைந்து தடித்து இறங்கிய பையன்கள்தான் அருமை. அது பாட்டுச் சொல்லித்தரும் வாத்தியார்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. டிராயிங் டீச்சர் அங்கேயே கைவைத்தாள். சிற்றாலயத்தில் காலைப் பாட்டின்போது கண்ணை மூடி நிற்பாள். பார்க்கிறவர்களுக்குப் பக்தி. அவளோ எந்த வரிசையில் எந்தப் பையனின் குரல் புதிதாக இறங்கியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த வாரமே அவனைக் கூடத்துக்கு அழைத்து, கையை முழங்கை வரைக்கும் களிமண்ணில் விடச் சொல்வாள். சூளையைத் திறக்கும் நாளில் வேண்டுமென்றே கதவை விரியத் திறந்து வைப்பாள். பாட்டு வகுப்புக்குப் போகிறவன் எட்டிப் பார்ப்பான். எட்டிப் பார்த்தவன் திரும்பிப் போக மாட்டான்.

வெறும் ஆசை காட்டினால் பையன்கள் ஒரு பருவத்தில் ஓடிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் நிஜமாகவே கற்றுக்கொடுத்தாள். விடுமுறையிலும் வந்தாள். நேர்கோடு போடத் தெரியாத ஒரு முரட்டுப் பையன், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல் அவனுக்கு. அவனை விடக் கூடாது என்பதற்காகவே ஒரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சக்கரத்தில் மண்ணை நிமிர்த்தச் சொல்லிக்கொடுத்தாள். அவன் இன்றைக்குப் பேர்போன சிற்பி. பேட்டிகளில் எல்லாம் “என் டீச்சர் என்கிட்ட என்னத்தக் கண்டாங்களோ” என்று கண்கலங்குவான். அவள் கண்டது அவன் தொண்டையை.

சில வருஷங்களில் அவள் துணைத் தலைமையாசிரியை ஆனாள். டைம்டேபிள் போடும் வேலை அவள் கைக்கு வந்தது. பாடகர் குழுவின் பயிற்சியைக் காலையிலிருந்து தூக்கி, விளையாட்டுப் பாடவேளைக்குப் பின்னால் கடைசியில் போட்டாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பிள்ளைகள், வியர்த்து ஊற்ற, வீட்டு நினைப்போடு வந்து நின்றார்கள்.

பாட்டு வாத்தியார் அவள் அறைக்கு வந்தார்.

“டீச்சர், ஒரு சின்ன மாற்றம் பண்ணிக் குடுங்க. அந்த நேரத்துல பாட முடியல பிள்ளைங்களால.”

“வேற இடமே இல்ல சார். நீங்களே பாருங்க.” பெரிய அட்டையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். ஒரு கட்டத்தை நகர்த்தினால் ஏழு கட்டம் சரியும்படி பின்னியிருந்தாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். “நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனாம்மா?” என்று கேட்டார். அந்த ‘அம்மா’ பழைய வாத்தியாருடையது.

“சேச்சே, என்ன சார் நீங்க” என்றாள். அவர் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு, நெஞ்சு நிறைந்து உட்கார்ந்திருந்தாள்.

நாலு குரலில் பாடிய குழு மூன்று குரலானது, பிறகு இரண்டானது. போட்டிகளுக்குப் போவது நின்றது. சிற்றாலயத்தில் காலைப் பாட்டு நூலாக இளைத்தது. அவள் எண்ணியதெல்லாம் ஈடேறியது. அதன் பிறகு நடந்ததைத்தான் அவள் எண்ணவில்லை.

ஆள் கிடைக்காத வாத்தியார் வந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தார். சுருதி என்றால் என்னவென்றே தெரியாதவர்கள், திக்குவாய்க்காரன், சமையல்கூடத்து அம்மாவின் மகள், வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாள் ஒருவன் கதவுக் கீல் மாதிரிக் கிறீச்சிட்டான். டிராயிங் டீச்சர் தூரிகையை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். ‘இப்போது சொல்வார் பார்’ என்று காத்திருந்தாள்.

“இன்னும் சத்தமாப் பாடுடா!” என்றது வாத்தியாரின் குரல். “பக்கத்துல இருக்கறவனைக் கேட்டுக்கிட்டே பாடு. தானா வரும். பயப்படாத.”

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்கு வந்ததும் கைப்பையை விட்டெறிந்தாள்.

“எனக்கு ஏன் சொல்லல? இதே வார்த்தையை எனக்கு ஏன் சொல்லல? நான் அந்த ஆளை ஒழிக்கப் பார்த்தா, ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் நல்ல வாத்தியாரா ஆயிட்டாரு!”

புருஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “விட்டுடேன். போதாதா?”

“போதாது.”

அவர் ஓய்வுபெறும் நாள் வந்தது. துணைத் தலைமையாசிரியை என்ற முறையில் வழியனுப்பு உரை அவள் தலையில் விழுந்தது. அவள் தட்டிக்கழிக்கவில்லை. விழா மண்டபம் நிறைந்திருந்தது; பழைய மாணவர்கள் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். அவள் மேடையேறி, இரண்டு வாக்கியம் முறைக்குப் பேசிவிட்டு, நேரே விஷயத்துக்கு வந்தாள்.

“நானும் சார் குழுவுல இருந்தவதான். எட்டாம் வகுப்புல, ஆண்டு விழாவுக்கு முன்னால, சார் என்கிட்ட வந்து சொன்னாரு: நீ வாயை மட்டும் அசை, சத்தம் வெளிய வர வேணாம்னு.”

மண்டபம் ஒரு கணம் உறைந்தது. இதற்குத்தான் அவள் இத்தனை காலம் காத்திருந்தாள். அடுத்த வாக்கியத்துக்கு மூச்சை இழுத்தாள்.

“எனக்கும் அதேதான் சொன்னாரு!” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு தொந்திக்காரர் கையைத் தூக்கினார்.

“எனக்கும்!” “நான் மூணு வருஷம் வாயசைச்சேன்!” “என் அக்காவும் தங்கச்சியும்!” கைகள் அங்கங்கே உயர்ந்தன. யாரோ சிரிக்க, மண்டபமே குலுங்கிச் சிரித்தது. வாத்தியாரும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். சீழ்பிடித்த காயமாக அவள் பொத்தி வைத்திருந்தது ஊர்ச் சிரிப்பாகப் போய்விட்டது. தனக்கு மட்டும் நேர்ந்தது என்ற ஒரே சொத்தும் கையைவிட்டுப் போனது. சொல்ல வந்த மிச்சத்தைச் சொல்லாமல் இறங்கிவிட்டாள். பேச்சு அபாரம் என்று தலைமையாசிரியர் அவள் கையைக் குலுக்கினார்.

கூட்டம் கலைந்தபின் வாத்தியார் ஓவியக்கூடத்துக்கு வந்தார். கழுத்தில் மாலை போட்ட அடையாளமாகச் சட்டையில் ஈரம் இருந்தது. இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

“நல்லா மாட்டிவிட்டீங்கம்மா என்னை. அப்பல்லாம் கப்பு வாங்கணும்னு ஒரு வெறி. எத்தனை பேரை அப்படிப் பண்ணினேனோ. மனசுல வச்சுக்காதீங்க.”

“சார், மேடையில பாதிதான் சொன்னேன்” என்றாள் அவள். “மீதியைக் கேட்டுட்டுப் போங்க.”

துணிக்கடையில் பாதி நாள் விடுப்பு எடுத்து வந்த அம்மாவைப் பற்றிச் சொன்னாள். முன் வரிசையைச் சொன்னாள். வழியில் தோளை அணைத்துக்கொண்டு அம்மா சொன்னதை, அம்மா சொன்ன மாதிரியே சொன்னாள். “உன் குரல் எனக்குத் தனியாக் கேட்டுச்சுடி.”

வாத்தியாரின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. முதலில் கண்ணிலிருந்து, பிறகு வாயிலிருந்து. அவர் பக்கத்திலிருந்த முக்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். அவள் அதை நின்று, கண்ணைத் திருப்பாமல், முழுசாகப் பார்த்தாள்.

“அம்மா இருக்காங்களா?” என்று கேட்டார்.

“இல்ல.”

“எனக்கு உன்னை ஞாபகமே இல்லம்மா. அது இன்னும் பெரிய பாவம்” என்றார். “மன்னிச்சுடு.”

“மன்னிக்க மனசு வரல சார்” என்றாள். “வந்தாச் சொல்றேன்.”

அவர் தலையை ஆட்டிவிட்டு, வாசல்படிக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார். அன்றிரவு அவள் நன்றாகத் தூங்கினாள். இதைக் கேட்டால் பலருக்குப் பிடிக்காது. ஆனாலும் நடந்தது அதுதான்.

புதிதாகப் பாட்டு டீச்சர் வந்ததும் பயிற்சியைக் காலைக்கே மாற்றிக் கொடுத்தாள். “பாட்டு என்ன பாவம் பண்ணுச்சு?” என்று புருஷனிடம் சொன்னாள். களிமண் தொட்டியை மூடவுமில்லை, நல்ல குரல் உள்ள பையன்களை விரட்டவுமில்லை. இப்போது அவர்கள் மண் வேலைக்காகவே வந்துகொண்டிருந்தார்கள்.

வாத்தியார் இன்னும் இருக்கிறார். சாயங்காலங்களில் கைத்தடியோடு கடைத்தெருவில் நடப்பார். அவளைக் கண்டால் நின்று வணக்கம் சொல்வார். அவள் பதில் வணக்கம் சொல்லிவிட்டு, காய்கறிப் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு மேலே நடப்பாள். கொஞ்ச தூரம் போனதும், “இன்னும் வரலியா?” என்று புருஷன் கேட்பார்.

“வரல” என்பாள்.