பஸ் சாமி

என் அண்ணன் சாமியாராகப் போய்விட்டார் என்று எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நம்பினோம். முதலில் அதைச் சொன்னது யார் என்று இப்போது கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். மதுரையில் எங்கள் வீடு இருக்கும் காளவாசலில் பைக்கில் போனபோது லாரி இடித்து அவருக்குத் தலையில் ஆபரேஷன் நடந்தது. உயிர் பிழைத்து வந்தார். ஆனால் பேச்சு அநேகமாக நின்றுபோனது. எந்நேரமும் ஏதாவது ஒரு கோயில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள் காலையில் காபியைக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே போனவர் வீடு திரும்பவில்லை.

போலீஸில் சொன்னோம். பஸ் ஸ்டாண்டுகளில் படம் ஒட்டினோம். மழையில் படங்கள் கிழிந்த பிறகு, அவர் சித்தர்களோடு சேர்ந்துவிட்டார் என்ற பேச்சு வந்தது. அந்தப் பேச்சு எங்களுக்கு ரொம்ப வசதியாக இருந்தது. காணாமல் போனார் என்றால் ஜனங்கள் உச்சுக்கொட்டுகிறார்கள். துறவு போனார் என்றால் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.

மதினிக்கு அதுதான் தெம்பு. அண்ணன் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். அவர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார், நான் பள்ளிக்கூட டீச்சர். விடுமுறை வந்தால் இருவரும் கிளம்பிவிடுவோம். கேட்பவர்களிடம் சும்மா டூர் என்போம். கூட்டம் வராத மலைக்கோயில்கள், குகைகள், கூகுள் மேப்பில்கூடச் சரியாக வராத ஊர்கள். ஒரு தடவை அவரை உயிரோடு பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் மதினியின் ஆசை. கூட்டிவரும் எண்ணம் கிடையாது. துறவியை வீட்டுக்கு அழைப்பது பாவம் என்பார்.

எனக்குச் சித்தர் கதைகளில் நம்பிக்கையும் இல்லை, கேட்கப் பொறுமையும் இல்லை. ஆனாலும் என் கண்தான் மதினியின் கண்ணைவிட மோசமாகிப்போனது. சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலில் யாரோ குனிந்து நிற்பார், முதுகைப் பார்த்தால் அண்ணன். வாடிப்பட்டி சந்தையில் தாடி வைத்த ஒருவர் பூண்டு பொறுக்குவார், அவரும் அண்ணன். பக்கத்தில் போய் முகத்தைப் பார்த்துவிட்டு, மணி கேட்பதுபோல ஏதாவது கேட்டுவிட்டு வந்துவிடுவேன். சில நாட்கள் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது கடைசி பெஞ்சில் அவர் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கும்.

ஒருமுறை வாடிப்பட்டிப் பக்கம் ஒரு குன்றில், சமணர்கள் படுத்த கல்படுக்கைகளைப் பார்த்தோம். தலைவைக்கும் இடத்தில் பாறையைச் சற்று மேடாகச் செதுக்கியிருந்தார்கள். மதினி அந்த மேட்டை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். இன்னொரு குகையில், சீனாவுக்குப் போய்த் திரும்பி வந்த சித்தர் தவம் செய்த இடம் இது என்றார் பூசாரி. "சீனாவுக்குப் போனவரே வந்துட்டாரு மதினி, காளவாசல்ல இருந்து போனவருக்கு என்னவாம்?" என்றேன். மதினி சிரித்தார். இறங்கி வரும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார்.

கடந்த அரையாண்டு லீவில் சிறுமலைப் பக்கம் போனோம். மதினிக்கு முழங்கால் வலி என்பதால் எப்போதும் வாடகைக் கார்தான். அந்தமுறை கார்க்காரர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். திண்டுக்கல் போய் மலை பஸ் பிடித்தோம். வளைவுக்கு வளைவு மூடுபனி ஏறிக்கொண்டே வந்தது. இறங்கிய ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பழைய வீடுகள், சுவரெல்லாம் பாசி. பட்டப்பகலிலும் உள்ளே விளக்கு எரிந்தது. பலாமரத்துக்கு அடியில் மூன்று கற்களும் ஒரு சூலமும்தான் கோயில். மதுரைக் கோயிலுக்கும் மூத்தது என்றார்கள். எல்லா ஊரிலும் இதைச் சொல்கிறார்கள். தாடிக்காரர் யாரும் கண்ணில் படவில்லை. திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடையில் உட்கார்ந்தோம்.

கடைக்கு அடுத்தாற்போல ஒரு சிமென்ட் மேடை புதிதாக இருந்தது. மேலே செவ்வந்தி மாலை, ஒரு அகல்விளக்கு. யார் சமாதி என்று கடைக்கார அம்மாவிடம் மதினி கேட்டார்.

"பஸ் சாமிக்கா. எங்கிட்டிருந்து வந்தாகன்னே தெரியாது. யார்கிட்டயும் கை நீட்டமாட்டாக. நம்மளாக் குடுத்தா சாப்புட்டுட்டு டம்ளரக் கழுவிக் கவுத்து வச்சிட்டுப் போவாக. தலையில காதுல இருந்து உச்சி வரைக்கும் வளைவா ஒரு கோடு, அதுல மட்டும் முடி மொளைக்காது. தவத்துல கபாலம் தெறந்த அடையாளம்னு ஊருல சொல்லுவாக."

அது ஆபரேஷன் தையல். மாதக்கணக்கில் நானே அதில் மருந்து தடவியிருக்கிறேன். மதினி டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். "எதுக்கு பஸ் சாமின்னு பேரு?" என்று கேட்டார்.

"காலை பஸ்ஸு, மத்தியான பஸ்ஸு, பொழுதடைய வார பஸ்ஸு, அம்புட்டுக்கும் வந்து நிப்பாக. எறங்குற ஆளுக மொகத்த ஒண்ணொண்ணாப் பாப்பாக. பொம்பளையாளுகன்னா இன்னும் உத்துப் பாப்பாக. அம்புட்டும் அருள் பார்வைக்கா. பஸ்ஸு திரும்புனா பின்னாலயே வளைவு வரைக்கும் நடந்து போயி நிப்பாக. போன மார்கழியில ஒருநா பஸ்ஸு வந்துருச்சு, சாமியக் காணோம். போயிப் பாத்தா உக்காந்தபடியே அடங்கியிருந்தாக. அப்பிடியே உக்கார வச்சு சமாதி வச்சோம்."

அவர் பெருமையோடுதான் சொன்னார். என் அண்ணன் துறவி இல்லை. ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி, எங்கேயோ இறங்கி, திரும்பும் வழி மறந்துபோனவர். பேச வரவில்லை, பெயர் சொல்ல வரவில்லை. வீட்டு ஆட்கள் வந்தால் பஸ்ஸில்தான் வருவார்கள் என்பது மட்டும் அந்தத் தலையில் மிச்சமிருந்திருக்கிறது. ஊர்க்காரர்கள் அவரைச் சாமி என்று நினைத்ததில் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அவர்களுக்கு முன்னால் அப்படி நினைத்தது நாங்கள்தான். சாமியைத் தேடியதால்தான் கோயில் கோயிலாக ஏறினோம். தொலைந்துபோன மனிதனைத் தேடியிருந்தால் ஒவ்வொரு ஊரிலும் பஸ் நிறுத்தத்தில் விசாரித்திருப்போம்.

இரண்டு வருடத்துக்கு முன் இதே சாலையில், மலை உச்சியிலுள்ள வேறொரு கோயிலுக்குக் காரில் போயிருக்கிறோம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு போனோம். அன்றைக்கு இந்த நிறுத்தத்தில் யாராவது நின்றாரா? எவ்வளவு யோசித்தாலும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வராமலே இருக்கட்டும் என்றும் வேண்டிக்கொள்கிறேன்.

"ஏங்க்கா, தெரிஞ்சவுகளா?" என்றார் கடைக்கார அம்மா. நான் வாயைத் திறப்பதற்குள் மதினி என் கையை அழுத்தினார். "இல்லத்தா. கேட்டா மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு, அம்புட்டுதேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. மதினி எழுந்து போய் மேடையில் கன்னத்தை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தார். பக்தி என்று நினைத்து அந்த அம்மா திருநீறு கொண்டுவந்து கொடுத்தார்.

பஸ் வந்தது. சாக்குமூட்டையோடு ஒருவர், பிள்ளையை இடுப்பில் வைத்த ஒரு பெண், குல்லா போட்ட பிள்ளைகள் இரண்டு பேர் என்று ஒவ்வொருவராக இறங்கினார்கள். மதினி படிக்கு எதிரே நின்று எல்லோர் முகத்தையும் பார்த்தார். "வாங்க மதினி, சீட்டுப் போயிரும்" என்று இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

பஸ் நாலைந்து வளைவு இறங்கியது. ஜன்னலைப் பார்த்தபடியே மதினி கேட்டார்.

"நான் வந்து எறங்கியிருந்தா, என்னய அடையாளம் தெரிஞ்சிருக்குமா உங்கண்ணனுக்கு?"

"கண்டிப்பாத் தெரிஞ்சிருக்கும் மதினி."

"அப்ப பேசியிருப்பாக" என்றார். "ஏன் இம்புட்டு நேரம்னு கேட்டிருப்பாக."