வால்வு குடித்த தண்ணீர்

என் தம்பி ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழு வயதில், பிழைக்கமாட்டான் என்று எல்லோரும் கைவிட்ட காய்ச்சலிலிருந்து எழுந்தான். பள்ளிக்கூடமே போகாதவன், படித்த பதினோரு பேரைத் தள்ளிவிட்டு மோட்டார் அறை வேலையை வாங்கினான். ஆள் எடுத்த அன்று நின்றுபோன மோட்டாரை அவனால்தான் ஓட்ட முடிந்தது. பெண் தரமாட்டேன் என்று மூன்று முறை சொன்னவர், நான்காம் முறை தானே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் நான்கு தெருக்களுக்கும் ஒரு நாள்கூடத் தண்ணீர் நின்றதில்லை.

எல்லோரும் அவனை வால்வு என்றுதான் கூப்பிடுவார்கள். மோட்டார் அறை ஆறடிக்கு எட்டடி. சுவரில் சுவிட்சுப் பெட்டி, மூலையில் எண்ணெய் டப்பா, ஆணியில் ஒரு தம்ளர். காலை ஐந்தரைக்கு ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் போட்டு, முதலில் வரும் தண்ணீரில் இரண்டு தம்ளர் குடித்த பிறகே தெருவுக்கு வால்வைத் திறப்பான். ஏனென்று கேட்டால், "நான் குடிக்காத தண்ணிய அடுத்தவங்களுக்கு எப்படிக்கா விடுறது?" என்பான்.

அந்தத் தெருக்களில் வளர்ந்த எங்கள் எல்லோருக்கும் பல்லில் பழுப்புக் கோடு உண்டு. பரம்பரை என்று நினைத்திருந்தோம். பிறகு அவன் கழுத்து இறுகியது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்துதான் திரும்புவான். வால்வுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று குழாயடியில் கேலி செய்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

நாற்பத்தாறு வயதில் கால் வீங்கியது. சிறுநீரகம் பழுது என்றார்கள். நல்ல தண்ணீராகக் குடிக்கட்டும் என்று நானே பொறுப்பெடுத்துக்கொண்டேன். அதே கிணற்றுத் தண்ணீரை ஒரு பானை வைத்து, அரைப் பானையாகச் சுண்டும்வரை காய்ச்சி, துணியில் வடிகட்டிக் கொடுத்தேன். ஒன்பது மாதம், ஒரு நாள் தவறவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் தண்ணீரைப் பரிசோதிக்கச் சொன்னார். அதில் ஃபுளோரைடு அளவுக்கு மேல் இருந்தது. பல்லில் பழுப்புக் கோடும் இறுகிய கழுத்தும் அதனால்தான் என்றார். தண்ணீர் ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். ஆனால் வருடக்கணக்கில் உள்ளே போனால் அது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம்; கெட்ட சிறுநீரகத்தால் அதை வெளியே தள்ள முடியாது, எலும்பில் போய்ச் சேரும் என்றார். காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே தங்கி இன்னும் அடர்த்தியாகும் என்றும் சொன்னார்.

தம்பி என்னைப் பார்க்க உடம்பைத் திருப்பினான். "விடுக்கா. நீ காய்ச்சினதுதான் ருசியா இருந்துச்சு."

வாரம் இரண்டு நாள், நான்கு மணி நேரம் டயாலிசிஸ். இடது கையில் குழாய். வலது கை சும்மா இருந்தது. நர்ஸ் ஒரு மருந்து அட்டையின் பின்பக்கம் அவன் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுத்தார். மடங்காத விரல்களால் அதைப் பார்த்துப் பார்த்து எழுதினான்.

கிணற்றை மூட அதிகாரி வந்தபோது நான்கு தெருக்களும் எதிர்த்தன. லாரித் தண்ணீரை நம்பி எப்படி இருப்பது என்றார்கள். அவர்களுடைய ஒரே சாட்சி என் தம்பிதான்: வால்வே இத்தனை வருடம் தினமும் குடித்தானே, தண்ணீருக்கு என்ன குறை? அவன் மட்டும் கெடுதல் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிணறும் பிழைத்திருக்கும், அவன் வேலையும் பிழைத்திருக்கும்.

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "நான் குடிச்சதப் பாத்துத்தான் நீங்களும் குடிச்சீங்க. இப்பவும் என்னைப் பாருங்க."

ஒரு பெண் தன் குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கீழே கொட்டினாள்.

மூடுவதற்குச் சம்மதம் என்று மோட்டார்காரர் எழுதித் தர வேண்டும். அதிகாரி வழக்கம்போலக் கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நீட்டினார். தம்பி அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனா கேட்டான். ஐந்து எழுத்துக்கு நான்கு நிமிடம் ஆனது, அதிகாரி அவசரப்படுத்தவில்லை. அதன் பிறகு ஐந்து மாதம் இருந்தான்.

அந்தத் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. அவன் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட தேதி 2017 மார்ச் 9, வியாழக்கிழமை.